ஒரு முழம் ரப்பர்க் குழாய்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் மளிகை மண்டியின் கல்லாப் பெட்டியில், சில்லறைக் காசு போடும் அறைக்குப் பின்னால், ஒரு சாண் நீளமுள்ள கருகிய ரப்பர்த் துண்டு ஒன்று நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கிறது. கணக்குப் பார்க்க வருகிற பிள்ளைகள் அதைக் குப்பை என்று எண்ணி இரண்டு முறை எறியப் பார்த்தார்கள். இரண்டு முறையும் நான் தடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேனே தவிர, முழுவதையும் சொன்னதில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்ட இந்த நேரத்தில், அதை எழுதி வைப்பதே முறை என்று தோன்றுகிறது.

அது 1983ஆம் ஆண்டு மே மாதம். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. சேலத்து வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் ஏற்காட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அம்மாவும் அத்தா மௌத்தான பிறகு வீட்டைவிட்டு எங்கும் போகாமலே இருந்தார்கள். சரி, எல்லோருமாக ஒரு நாள் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று முடிவாயிற்று.

எங்களிடம் இருந்தது அத்தா வாங்கிய அம்பாசிடர் கார். அதை ஓட்டியவரும் அத்தா காலத்து மனிதர்தாம். அவரை வீட்டில் எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றே அழைப்போம். அத்தா அவருக்குப் பெரிய பாய். நான் சின்ன பாய். அத்தா போன பிறகும் அந்த அழைப்பு மாறவில்லை. அம்மாப்பேட்டையிலிருந்து தினமும் காலை சைக்கிளில் வந்து, முதல் வேலையாகக் காரின் பானெட்டைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் பார்ப்பார். பிறகுதான் தேநீர் குடிப்பார்.

அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் என்னிடம் ஒரு செய்தி சொல்லியிருந்தார். பெட்ரோல் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் விறைத்துப் போய், கிளிப் இறுக்கும் இடத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்றிவிட வேண்டும் என்பதே அது. குழாயின் விலை பத்து ரூபாய்கூட இராது. "மார்ச் கணக்கு முடியட்டும் அண்ணே" என்றேன். மார்ச் முடிந்தது. ஏப்ரலில் மீண்டும் சொன்னார். "சரக்கு இறங்கட்டும்" என்றேன். பணத்துக்காக அல்ல, பத்து ரூபாய்க்கு நான் தவித்த காலமன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை ஏன் தொட வேண்டும் என்ற சோம்பல்தான். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின இரவு, எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் மூன்றாம் முறையாகச் சொன்னார்: "மலை ஏறுறப்போ எஞ்சின் ரொம்பச் சூடாகும் சின்ன பாய். காலையிலே கடை திறந்ததும் அந்தக் குழாயை மாத்திட்டுப் போயிடலாமே?"

உதிரிப்பொருள் கடைகள் திறக்கப் பத்து மணியாகும். வெயில் ஏறுமுன் மலைக்குப் போய்விட வேண்டும் என்பது என் திட்டம். "வந்து மாத்திக்கலாம் அண்ணே. இத்தனை நாள் ஓடலையா?" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. முதலாளியிடம் ஒரு தொழிலாளி எத்தனை முறைதான் சொல்லுவார்?

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1500 மீட்டருக்கும் மேல். முப்பது கிலோமீட்டருக்குட்பட்ட தூரத்தில் கார் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அடிவாரத்தைத் தாண்டினால் இருபது கொண்டையூசி வளைவுகள். கீழே மூங்கிலும் முட்புதரும். மேலே போகப் போக வெள்ளியோக்கு மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. பாதையில் அக்காலத்தில் அடிக்கடி எதிர்ப்படுபவை பாக்சைட் லாரிகள். சேர்வராயன் மலையில் வெட்டிய அந்தச் செம்மண் நிறத் தாது, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு காட்சியும் அன்றைய மலைப்பாதையில் சாதாரணம். வளைவுக்கு வளைவு ஏதேனும் ஒரு கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டரிலிருந்து ஆவி விட்டபடி நிற்கும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறையும். ஏற்காட்டு உயரத்தில் 95 டிகிரியிலேயே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கொதித்துவிடும். எஞ்சினுக்கோ ஏற்றத்தில்தான் அதிக உழைப்பு. ஆகவே, ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் எங்கள் காரின் முன்புறத்தில் மெல்லிய புகை எழுந்தபோது, நான் தண்ணீர்தான் கொதிக்கிறது என்று எண்ணினேன்.

"தண்ணி இல்லே சின்ன பாய்; பெட்ரோல் வாடை" என்றார் டிரைவர் அண்ணன்.

அதன்பின் அவர் செய்தவை ஒவ்வொன்றும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. காரை மலைப்பக்கமாக ஒதுக்கினார். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். முதல் கியரைப் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்தார். "எல்லாரும் இறங்குங்க, எதையும் எடுக்காதீங்க, மேட்டுப் பக்கமா ஓடுங்க" என்று உரத்துச் சொன்னார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுவே முதல் முறை. என் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அம்மா மட்டும் இறங்கியவர்கள் திரும்பி, "என் பை" என்றார்கள். தஸ்பீஹும் மருந்தும் கொஞ்சம் பணமும் அதில் இருந்தன. நானும் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் கதவருகே குனிந்தேன். டிரைவர் அண்ணன் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். அந்த நொடியில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து மஞ்சள் நிற நாக்குகள் வெளியே நீண்டன.

மேட்டுப் பக்கம் ஓடச் சொன்னதன் காரணம் பிறகே எனக்கு விளங்கிற்று. ஒழுகும் பெட்ரோல் பள்ளத்தை நோக்கி ஓடும். தீயும் அதனுடன் ஓடும். பிரேக் விட்டுப்போனால் காரும் அந்தப் பக்கம்தான் உருளும். அதனாலேயே அவர் முதலில் தீயிடம் போகவில்லை. இரண்டு பெரிய கற்களைப் புரட்டிப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார். எரிகிற கார் ஒன்று அந்த ஏற்றத்தில் பின்னோக்கி உருண்டிருந்தால், கீழே வந்துகொண்டிருந்தவர்கள் கதி என்ன?

நான் செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் தவறு. குடிப்பதற்காகக் கொண்டுவந்த தண்ணீர்க் கேனை முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தாள் என் மனைவி. அதைத் தூக்கிக்கொண்டு தீயை நோக்கி ஓடினேன். "தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு, மண்ணு!" என்று கத்தினார். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது, அதன்மேல் மிதக்கும். ஊற்றியிருந்தால் எரியும் பெட்ரோல் தண்ணீரோடு சேர்ந்து சாலையெங்கும் பரவியிருக்கும்.

அப்போது மேலிருந்து ஒரு பாக்சைட் லாரி இறங்கி வந்தது. ஓட்டுநர் தூரத்திலேயே நிறுத்தினார். கிளீனர் பையன் ஒருவன் கட்டையுடன் குதித்து, முதலில் தன் லாரியின் சக்கரத்துக்கு அணை கொடுத்துவிட்டு, மண்வாரியும் சாக்குமாக ஓடி வந்தான். டிரைவர் அண்ணன் பானெட்டை முழுவதும் திறக்கவில்லை. கொக்கியை விடுவித்து ஒரு சாண் மட்டுமே தூக்கினார். முழுவதும் திறந்தால் உள்ளே காற்றுப் புகுந்து தீ முகத்தில் அறையும். அந்தச் சாண் இடைவெளியில் கிளீனர் பையன் செந்நிறத் தூளை வாரி வாரி இறைத்தான். என் கேன் தண்ணீரில் பாதியைச் சாக்கில் ஊற்றி நனைத்து மேலே போட்டார்கள். பத்து நிமிடத்தில் தீ அடங்கிற்று. காரின் முன்பாதி கருகிப் போயிற்று. பின்பாதி அப்படியே இருந்தது. அம்மாவின் பைகூட இருக்கையில் அலுங்காமல் கிடந்தது.

ஆனால் டிரைவர் அண்ணனின் வலக்கை? பழுக்கக் காய்ந்த பானெட்டை அந்தப் பத்து நிமிடமும் தாங்கிப் பிடித்திருந்தது அந்தக் கை. உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது. லாரி ஓட்டுநர் கிரீஸ் தடவலாம் என்றார். டிரைவர் அண்ணன் வேண்டாமென்று தலையசைத்து, கேனில் மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டினார். தீக்கு உதவாத அந்தத் தண்ணீரை அவர் கைமேல் மெல்ல மெல்ல ஊற்றினேன். அந்த வேலை ஒன்றைத்தான் அன்று நான் சரியாகச் செய்தேன்.

பெண்களும் பிள்ளைகளும் மேலிருந்து வந்த பேருந்தில் இறங்கினார்கள். அவரை அந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு நான் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வழி முழுவதும் அவர் அந்தக் குழாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் காரை இழுத்து வந்தோம். மெக்கானிக் ஒரு பார்வையிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அம்பாசிடர் எஞ்சினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் இரும்புக் குழலும் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே பெட்ரோல், கீழே நெருப்பாய்க் கொதிக்கும் இரும்பு. பராமரிப்பவனுக்கு அதனால் ஆபத்து ஒன்றுமில்லை. எத்தனையோ இலட்சம் பேர் அந்தக் காரை ஆண்டாண்டு காலமாக ஓட்டினார்கள். ஆனால் குழாய் வெடித்தால், சொட்டும் பெட்ரோல் நேரே அந்தச் சூட்டின்மேல் விழும். ஏற்றத்தில் அந்த இரும்பு 400 டிகிரியையும் தாண்டிச் சூடேறக்கூடியது. பெட்ரோலோ, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுகிற பொருள். "ஒரு முழக் குழாய் சார். முன்னமே மாத்தியிருக்கணும்" என்று சொல்லி, எரிந்தது போக எஞ்சிய சாண் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருவரிடமும் காட்டவில்லை.

தீயின் கதை இங்கே முடிந்தது. என் கதை இங்கேதான் தொடங்குகிறது.

செய்தி கேட்டு உறவினர்கள் வீட்டுக்கு வந்தபடி இருந்தார்கள். எப்படி நடந்தது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "எப்படியோ பிடித்துக்கொண்டது" என்று நானும் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மூன்றாம் நாள் என் அக்காவின் கணவர், மச்சான், கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பே கூறிவிட்டார்: "பீடி குடிக்கிற ஆள் கையிலே வண்டியைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். வயசும் ஆயிடுச்சு. வேறே நல்ல ஆள் ஒருத்தரை நான் பார்த்து வச்சிருக்கேன்."

டிரைவர் அண்ணன் பீடியைத் தொட்டதே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. மச்சானிடம் மரியாதை என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பேச்சு மண்டிக்கு வந்தது. அதற்கு மறுநாள், பக்கத்து மண்டிக்காரர், "உங்க டிரைவர் பீடி பத்த வச்சாராமே?" என்று என்னிடமே கேட்டார். "தெரியலே" என்றேன். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சும்மா இருப்பது பொய்யாக மாற எத்தனை நாள் ஆகும் என்பதை அன்று அறிந்தேன். ஐந்து நாள் ஆகும்.

எங்களைக் காப்பாற்றிய கை கட்டுப் போட்டுக்கொண்டு அம்மாப்பேட்டையில் கிடக்கிறது. அந்தக் கைக்குரியவரின் பெயரை ஊரார் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். தடுக்கக்கூடிய ஒரே ஒருவன் கல்லாவில் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினொன்றாம் நாள் இரவு, சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தேன். அம்மா தனியே உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்கள்:

"ஏம்ப்பா, புறப்படுறதுக்கு முந்தின ராத்திரி, திண்ணையிலே டிரைவர் உங்கிட்டே ஏதோ குழாயைப் பத்திச் சொல்லிட்டிருந்தாரே, அது என்ன குழாய்?"

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதினொரு நாளும் நான் சொல்லுவேன் என்று காத்திருந்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அது எங்கிட்டேதான் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். "அப்படின்னா உரியவங்கக்கிட்டே சேர்த்துடு" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து, மச்சானும் சிறிய தந்தையாரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரப்பர்த் துண்டை எடுத்து அவர்கள் முன்னே வைத்தேன். பிப்ரவரியில் சொன்னதையும், ஏப்ரலில் சொன்னதையும், திண்ணையில் சொன்னதையும், ஒவ்வொரு முறையும் நான் கூறிய பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பீடி விஷயம் முழுப்பொய் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் யாரும் கையை எடுத்து வாயில் வைக்கவில்லை. பிறகு மச்சான், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயமான வார்த்தை. நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். பக்கத்து மண்டிக்காரரிடம் அன்று மாலையே போய்ச் சொன்னேன். வீட்டில் சொன்னதைவிட அங்கே சொல்லுவது கடினமாக இருந்தது.

அம்மாப்பேட்டைக்குப் போனபோது இருட்டிவிட்டது. தெரு முழுவதும் தறிச் சத்தம். டிரைவர் அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினேன். சொற்கள் வரிசையாக வரவில்லை. அவர் என்னை முடிக்கவிடாமல் கேட்டார்:

"புதுக் குழாய் போட்டாச்சா சின்ன பாய்?"

"நாளைக்குப் போடறாங்க அண்ணே."

"கிளிப்பையும் புதுசா போடச் சொல்லுங்க. பழைய கிளிப்பு ரப்பரை அறுக்கும்."

அவ்வளவுதான். கை ஆறியதும் அவரே மீண்டும் வந்து அந்தக் காரை ஓட்டினார். வலக்கை விரல்கள் இரண்டு முழுதாக மடங்கவில்லை. அந்த ஆண்டே எல்லோரையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தாமலே போனார்.

இன்று அம்பாசிடர் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. இப்போதைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. ஆனால் பெட்ரோலை அதிக அழுத்தத்தில் அனுப்பும் குழாய்கள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் ஒழுக்கும் வேகமாகவே பீறிடும். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் நம் நாட்டில் வந்துவிட்டது; அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் விரைவில் கெடக்கூடும். எலி கடித்த ஒயர், கடைக்காரர் ஃபியூஸ் இல்லாமல் இணைத்துக் கொடுத்த கூடுதல் விளக்கு, எஞ்சின்மேல் மறந்துவிட்ட துடைக்கும் துணி, கசியும் எண்ணெய் ஆகியவையும் தீக்கு வழிதான். பிள்ளைகுட்டிகளோடு மலையேறும் குடும்பங்கள் புறப்படுமுன் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பது நலம். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். தீ என்று தெரிந்தால் எஞ்சினை நிறுத்துங்கள், ஆட்களை இறக்குங்கள், நூறடி தள்ளி மேட்டுப்பக்கம் நில்லுங்கள், 112க்கோ 101க்கோ சொல்லுங்கள். சிறு தீயாக இருந்தால் மட்டும், பானெட்டை முழுவதும் திறக்காமல் இடுக்கு வழியே தூளை அடியுங்கள். பெருந்தீயாகவோ, மின்கலத்தில் ஓடும் காராகவோ இருந்தால் அருகிலேயே போக வேண்டாம். பொருளுக்காக யாரும் திரும்ப வேண்டாம். அம்மாவின் பை அன்று தப்பியது, எங்கள் சாமர்த்தியத்தால் அன்று.

இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் டிரைவர் அண்ணன். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நம்மிடம் வேலை செய்கிறவர் ஒரு முறை சொல்லும் எச்சரிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கேட்காமல் விட்டது என் முதல் குற்றம். கேட்டேன் என்பதையே மறைத்தது இரண்டாவது. முதல் குற்றம் ஒரு காரையும் ஒரு கையையும் எரித்தது. இரண்டாவது குற்றம் எரித்திருக்கக்கூடியதை நினைத்தால் இன்றும் எனக்கு நடுக்கம் வருகிறது.

மண்டியில் யாராவது, "சின்ன பாய், அந்தத் தராசுச் சங்கிலி தேஞ்சிருக்கு" என்றோ, "கூரை ஓடு ஒண்ணு விலகியிருக்கு" என்றோ சொன்னால், "பிறகு பார்க்கலாம்" என்ற சொல் நாக்கு நுனிவரை வரத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் கல்லாப் பெட்டியைத் திறந்து சில்லறை எடுப்பேன். அந்தக் கருப்புத் துண்டு விரலில் படும். பிறகு பையனைக் கூப்பிட்டு, "இன்னைக்கே மாத்திடு" என்று அனுப்பிவிடுவேன்.